தோல் உரிந்த கையால் மீன் விற்றது

என் கையிலிருந்து மீன் வாங்கப் போலகத்தில் ஆள் இல்லாமல் போன காலம் ஒன்று உண்டு. மீன் கெட்டுப்போகவில்லை. கைதான் கெட்டுப்போயிருந்தது. கையைக் கெடுத்தது ஒரு மாத்திரை. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும், மீன் ஆய்வதுதான் வேகமாக வரும். அதனால் நிதானமாகத்தான் சொல்ல முடியும்.

திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையில் எங்கள் வீடு. காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, போலகத்தில் இறங்கித் தெருத்தெருவாக விற்பது என் தொழில். என் மாமியார் விற்ற தெருக்கள் அவை. அவருக்குப் பின் எனக்கு வந்தன. ஒருத்தி விற்கிற தெருவில் இன்னொருத்தி கூடையை இறக்கமாட்டாள். இதைப் பஞ்சாயத்தில் பேசியதும் இல்லை, பத்திரம் எழுதியதும் இல்லை. ஆனால் சில வாரம் தொடர்ந்து முகம் காட்டாமல் இருந்துவிட்டால், பிறகு அது என் தெரு என்று கேட்க வாய் இருக்காது. அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் நான் காய்ச்சலோடும் போயிருக்கிறேன். பேரப்பிள்ளை பிறந்த அன்றுகூட விற்று முடித்துவிட்டு வந்துதான் பார்த்தேன். குழந்தை எங்கே போய்விடப் போகிறது.

சித்திரை வெயிலில் ஒருநாள் கெளுத்தி ஆய்ந்துகொண்டிருந்தபோது முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கெளுத்தியை எடுத்தால் முதலில் முள்ளை ஒடிக்க வேண்டும். எனக்குத் தெரியாததில்லை. அன்றைக்கு ஒடிக்கவில்லை. ஏன் ஒடிக்கவில்லை என்று எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள், இனி யாரும் கேட்க வேண்டாம். கை பன்ரொட்டி மாதிரி வீங்கியது. வெந்நீரில் வைத்தேன், சுண்ணாம்பு தடவினேன். வீக்கம் அதன் இஷ்டத்துக்கு இருந்தது.

என் மகன் விசைப்படகில் போகிறவன். போனால் ஒரு வாரம் கடலிலேயே கிடப்பார்கள். கடலில் மெடிக்கல் ஷாப் இல்லை என்பதால் படகில் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். நிறத்தை வைத்துத்தான் அடையாளம். மஞ்சள் என்றால் வயிறு, ரோஸ் என்றால் வாந்தி, பெரிய வெள்ளை என்றால் புண். வலைக்கயிறு கையை அறுத்தாலும், மீன் முள் குத்தினாலும் பெரிய வெள்ளையைத்தான் போட்டுக்கொள்வார்கள். அவன் அதில் ஓர் அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான்.

"காலைல ஒண்ணு, ராவுல ஒண்ணு போடும்மா. எங்க படகுல எல்லாரும் இதான் போடுறோம்."

"எதுக்குன்னு அதுல எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு. இங்கிலீஷ்ல எழுதியிருக்கு."

"அப்ப சரி," என்றேன்.

வீக்கம் வடிந்தது. மாத்திரை நல்ல மாத்திரைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். படகில் அத்தனை பேருக்கும் ஒத்துக்கொண்டது. வீக்கம் வடிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. கெளுத்தி விஷம் உள்ளேயே தங்கிவிடும் என்பார்கள். தவிர, எதையும் மிச்சம் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்த அட்டை தீர்ந்ததும் இன்னோர் அட்டை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த இரண்டாவது அட்டை பாதி ஆகும்போது காய்ச்சல் வந்தது. கண் இரண்டும் மிளகாய் அரைத்த கையால் தேய்த்துக்கொண்ட மாதிரி எரிந்தன. உதடு புண்ணாயிற்று, பிறகு வாய் முழுக்கப் புண். நெஞ்சில் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. அது கழுத்துக்கு ஏறி, முகத்துக்கு வந்து, கைக்கும் இறங்கியது. அங்கங்கே கொப்பளம்.

எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்தாள். எனக்கு இளையவள்தான், ஆனால் ஊருக்கே மூத்தவள் மாதிரி நடந்துகொள்வாள். அவளும் மீன் விற்கிறவள், வேறு ஊரில். வாசல்படியில் நின்றே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, ஒனக்கு ஆத்தா வந்திருக்கா."

சித்திரை மாதம், காய்ச்சல், கொப்பளம். வேறு எது என்று யார் நினைப்பார்கள்? நானும் நினைக்கவில்லை. மத்தியானத்துக்குள் வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது. என்னை வாழையிலையில் படுக்கவைத்து, சுற்றிலும் வேப்பங்கொழுந்தைப் பரப்பினார்கள். அம்மை கண்ட வீட்டுக்குச் சட்டங்கள் உண்டு. தாளிக்கக் கூடாது. யாரும் தலை வாரக் கூடாது. வீட்டுக்குள் மீன் வரக் கூடாது, வீட்டிலிருந்து யாரும் மீன் விற்கவும் போகக் கூடாது. மீன் வராததால் எங்கள் பூனை பக்கத்து வீட்டோடு போய்விட்டது. முக்கியமானது, இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது, ஆத்தா கோபித்துக்கொள்வாள். மிச்சமிருந்த பெரிய வெள்ளையை எதிர்வீட்டுக்காரியே எடுத்து வெளியே எறிந்தாள்.

அதுவரை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களெல்லாம் வந்து கும்பிட்டார்கள். எனக்கு வலியில் உயிர் போயிற்று, ஆனாலும் யார் யார் வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதிர்வீட்டுக்காரி என் கால்மாட்டில் உட்கார்ந்து, "தாயே, எம் மவனுக்கு பிரான்சு விசா வருமா?" என்று கேட்டாள். வாய் திறக்க முடியாமல் முனகினேன். "வருமாம்" என்று எழுந்து போனாள். விசா வந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

என் நினைப்பெல்லாம் போலகத்தில் இருந்தது. சாகிறது பற்றி நினைக்கவில்லை. தெரு சும்மா கிடக்கிறதே என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

என் மருமகள் பூவத்துப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்தவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் அத்தோடு பேச்சு முடியும். புடவை மாற்ற என்னைப் புரட்டியவள் கையை எடுத்துவிட்டாள். முதுகுத் தோல் பாலாடை மாதிரி புடவையோடு வந்திருந்தது.

"இது அம்மை இல்ல," என்றாள்.

"நீ என்னா டாக்டரா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"டாக்டர் இல்ல சித்தி. எங்க வூட்டுல மூணு பேருக்கு அம்மை பாத்திருக்கேன். அம்மையில தோலு புடவையோட வராது."

என் மகன் வேப்பிலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். "ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்னா பண்ணுறது?" என்றான். கடலில் புயலைப் பார்த்தவன்.

"கோவிச்சா எங்கிட்ட கோவிச்சுக்கட்டும். நீங்க போயி ஆட்டோ கூட்டியாங்க."

காரைக்கால் ஆஸ்பத்திரியில் பார்த்ததுமே ஆம்புலன்சில் ஏற்றிப் புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் எனக்குக் கண் ஒட்டிக்கிடந்தது. ஆம்புலன்சில் போவது அதுதான் முதல் தடவை, ஒன்றையும் பார்க்கவில்லை.

அங்கே ஒரு சின்ன வயசுப் பெண் டாக்டர். குரலை வைத்துத்தான் சின்ன வயசு என்கிறேன். "பாட்டி, என்ன மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டாள். நான் யாருக்குப் பாட்டி என்று கேட்டிருப்பேன், வாய் ஒத்துழைக்கவில்லை.

"பெரிய வெள்ளைங்க," என்றான் என் மகன்.

"பேரு?"

"பேரே அதாங்க. புண்ணு மாத்திரை."

மருமகள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, எறிந்த அட்டையை எடுத்து நீட்டினாள். வாசலில் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இதுதான்," என்றாள். "இது சல்பா மருந்து. பாட்டிக்கு ஒத்துக்கல. எப்ப நிறுத்துனீங்க?"

மருமகள் சொன்னாள்.

"நல்லவேளை. சீக்கிரம் நிறுத்துனதுதான் காப்பாத்தியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் போட்டிருந்தா கஷ்டம். யாரு நிறுத்தச் சொன்னது?"

"எதிர்வீட்டு சித்திங்க."

"அவங்க நர்ஸா?"

"இல்லீங்க. மீன் விக்கிறாங்க. ஆத்தா வந்திருக்கான்னு நிறுத்திட்டாங்க."

பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. என்ன எழுதினாள் என்று தெரியாது. ஆத்தா பேரை எழுதியிருக்கமாட்டாள்.

அங்கே தீக்காயம் பட்டவர்களுக்குப் பார்க்கிற மாதிரி எனக்குப் பார்த்தார்கள். வெந்நீரில் சுத்தம் பண்ணிய வாழையிலையைக் கட்டில்மேல் பரப்பி, அதன்மேல் என்னைப் படுக்கவைத்தார்கள். துணி என்றால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், இலை ஒட்டாதாம். தினமும் இலை மாற்றுவார்கள். விருந்துக்குப் பரிமாறின மாதிரி இலைமேல் கிடந்தேன். மூக்கில் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். மணிக்கொரு தரம் கண்ணில் சொட்டு விட்டார்கள். உள்ளங்கைத் தோல் கையுறை கழற்றுகிற மாதிரி முழுசாகக் கழன்றது. நகங்கள் பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. நான் எத்தனையோ திருக்கைக்குத் தோல் உரித்திருக்கிறேன். அது கொஞ்சம் எளிது, திருக்கை செத்திருக்கும்.

புதுத்தோல் வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது அந்த டாக்டர் பெண் ஓர் அட்டை கொடுத்து, இதை எப்போதும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டுங்கள் என்றாள். தமிழில் எழுதித் தந்ததால் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். இனி ஆயுசுக்கும் சல்பா கூடாது. வெயிலும் கூடாது, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். மீன் விற்கலாமா என்று மருமகளை விட்டுக் கேட்டேன். கொஞ்ச நாள் போகட்டும் என்றாளாம். கொஞ்ச நாள் என்றால் எத்தனை என்று நான் மறுபடி கேட்கச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் என்ன செய்வது.

வீட்டு வாசலில் எதிர்வீட்டுக்காரி காத்துக்கொண்டிருந்தாள்.

"வாழையெலையிலயா போட்டிருந்தாங்க?" என்று முதல் கேள்வி.

"ஆமா."

"நானுந்தானே போட்டேன். அதுக்கு எதுக்கு அம்மாந்தொலவு போறது?"

அவளுக்கு மனசு ஆறவில்லை. வேப்பிலை கட்டி அழைத்த ஆத்தாளை, தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் எப்படி அனுப்புவது என்றாள். டாக்டரோ கண்டதையும் மேலே ஊற்றக் கூடாது என்று சொல்லியிருந்தாள். இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள முடியாது. கடைசியில் நான் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியில் என் புடவையைப் போர்த்தி, அதற்கு மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரை ஊற்றினார்கள். நாற்காலி அதோடு குணமாகிவிட்டது. எனக்கு நாள் பிடித்தது.

மகன் படகு டப்பாவிலிருந்த மாத்திரை அத்தனையையும் கடலில் கொட்டிவிட்டான். படகுக்காரர் திட்டிவிட்டுப் புது டப்பா வாங்கி வைத்தார். அதிலும் பெரிய வெள்ளை இருக்கிறது.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போலகத்துக்குப் போனது மருமகள். அதை நான் கேட்காமலே செய்தாள், தெரு போகவில்லை. அதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் விற்கிற விதத்தைக் கேட்டபோது எனக்குச் சொல்ல வரவில்லை. தெருவில் கூவுவதே இல்லையாம். ஏலம் முடிந்ததும் மீனைப் போட்டோ எடுத்து அந்தத் தெருப் பெண்களின் போனுக்கு அனுப்பிவிடுவாளாம். அவர்கள் போனிலேயே எனக்கு இது, உனக்கு அது என்று பிரித்துக்கொள்வார்களாம். இவள் போய் இறங்கி, ஆய்ந்து கொடுத்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

"பேரம் பேச மாட்டாங்களா?"

"போன்ல எங்க அத்தை பேரம் பேசுறது?"

"செவுளத் தூக்கிப் பாக்க மாட்டாங்களா?"

"போட்டோல தெரியுதுல்ல."

மீனைத் தொடாமல் வாங்குகிறவர்களும், வாயைத் திறக்காமல் விற்கிறவளும். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

உள்ளங்கை குழந்தையின் கை மாதிரி ரோஸாக இருந்தது. நகம் இல்லை. உப்புத்தண்ணீர் பட்டால் எரியும், செதில் பட்டால் கீறும். வீட்டில் மருமகள் இல்லாத சமயம் ஒரு கிழங்கான் மீனை எடுத்து ஆய்ந்து பழகினேன். முதல் மீனுக்கு அழுதேன், கை எரிச்சலில். பிறகு பழகிவிட்டது. மருமகள் வந்து குப்பையில் செதிலைப் பார்த்துவிட்டாள். மறுநாள் ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கி என் பக்கத்தில் வைத்தாள். கையுறை போட்டால் மீன் வழுக்குகிறது, போடவில்லை.

போலகத்துக்கு அவளோடு போன முதல் நாள் தெருவே வாசலுக்கு வந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லோரும் நலம் விசாரித்தார்கள். எல்லோரும் இரண்டடி தள்ளி நின்று விசாரித்தார்கள்.

தெருமுனையில் ஒரு மாடிவீடு. அந்த வீட்டு அம்மாவின் கணவர் விவசாய ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு முதல் போணி அந்த வீட்டில்தான். அந்த அம்மாவுக்கும் எனக்கும் சண்டை இல்லாமல் ஒரு நாளும் போணி ஆனதில்லை. செவுளைத் தூக்கி மோந்து பார்த்து, நேற்று மீன் என்பார். நான் அவர் மூக்கில் கோளாறு என்பேன். கிளம்புகிற மாதிரி நான் கூடையைத் தூக்குவேன், உள்ளே போகிற மாதிரி அவர் திரும்புவார். பிறகு வாங்குவார். அப்படிப்பட்டவர் அன்றைக்கு, "ஒடம்ப பாத்துக்கம்மா," என்றார். விலையைக் கேட்டார், சொன்ன விலைக்குச் சரி என்றார். நான் மீனை எடுக்கக் கையை நீட்டியதும், "நீ இரு. சிரமப்படாத. மருமவ அறுக்கட்டும்," என்றார். பாத்திரத்தையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அதே கதைதான். மருமகள் கை, மருமகள் கத்தி. நான் தொட்ட மீனைக்கூட மரியாதையாக ஒதுக்கிவிட்டு அடுத்ததைக் காட்டினார்கள். ஒருத்தி மட்டும் நேராகக் கேட்டாள், கல்யாணமாகிப் புதிதாக வந்தவள். "இது தொத்துமாங்க?"

"தொத்தாது. மாத்திரை ஒத்துக்கல."

"மாத்திரைல எப்பிடிங்க தோலு உரியும்?"

"உரிஞ்சுதே," என்றேன்.

அவள் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவள் வீட்டுப் பெரியம்மா உள்ளிருந்தபடியே யோசனை சொன்னார். "ஏம்மா, அம்மைன்னுதான் சொல்லேன். தண்ணி ஊத்தியாச்சுன்னா முடிஞ்சுது. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மாத்திரை கீத்திரைன்னா எல்லாரும் பயப்படுறாங்கல்ல."

எதிர்வீட்டுக்காரியும் இதையேதான் சொன்னாள். அவள் சொன்னால் அதில் அவளுக்கும் ஒரு லாபம் இருக்கிறது, ஆத்தாளை அழைத்தவள் அவள்தானே. யோசித்துப் பார்த்தேன். சொன்னால் மறுநாளே எல்லோரும் கையை நீட்டுவார்கள். ஆனால் நேற்று மீனை இன்றைய மீன் என்று நான் ஒரு நாளும் விற்றதில்லை. மாடிவீட்டு அம்மா சொல்வதை நம்ப வேண்டாம். இதையும் அப்படி விற்கமாட்டேன் என்று இருந்துவிட்டேன். யார் கேட்டாலும் மாத்திரை என்றே சொன்னேன். டாக்டர் எழுதித் தந்த அட்டையைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

அதனால் மீன் விற்கவில்லை. வேறொன்று நடந்தது. பெண்கள் வீட்டிலிருக்கிற மாத்திரைகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தார்கள். "இதுல அது இருக்கா பாரு" என்று நீட்டுவார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு மாத்திரை, அதுவும் உருவத்தை வைத்து. வாங்கிப் பார்ப்பேன், வெயிலில் தூக்கிப் பிடிப்பேன், ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்று திருப்பிக் கொடுப்பேன். என் கை பட்ட மாத்திரையை வாங்கிக்கொண்டார்கள். மீனைத்தான் வாங்கவில்லை.

இப்படியே வாரங்கள் போயின. நான் தினமும் அவளோடு போய்க் கூவுவேன், கூடைக்குப் பக்கத்தில் உட்காருவேன். "அத்தை, நீங்க நெழல்ல ஒக்காந்து ஐஸ மட்டும் பாத்துக்கங்க," என்பாள் மருமகள். ஐஸைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது, அது உருகும். அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெரு என் பெயரில் இருக்கிறது, வியாபாரம் நடக்கிறது, மீன் மிச்சம் இல்லை. நான் இல்லாவிட்டாலும் அப்படியே நடக்கும் என்பதை நான் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் கையால் ஒருத்தராவது வாங்கவில்லை என்றால், மறுநாளிலிருந்து வீட்டிலேயே இருந்துவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்தேன். அந்த ஒரு நாள் எது என்று மட்டும் முடிவு செய்யவில்லை.

அது தானாக வந்தது. மருமகளின் அண்ணன் வீட்டில் ஏதோ விசேஷம், பூவத்துக்குப் போய்விட்டாள். மறுநாள் மீன் இல்லை என்று எல்லோருக்கும் போனில் சொல்லிவிட்டாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். விடிந்ததும் ஏலத்துக்குப் போய்க் கொடுவா எடுத்தேன், கொஞ்சம் சங்கராவும். ஆட்டோ மெயின்ரோட்டில் நிற்கும்போது கீழவாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரி லாரிகள் வரிசையாகப் போயின. கூடைமேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடிக்கொண்டேன்.

தெருவில் கூவினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. சிலர் ஜன்னலில் பார்த்தார்கள், மருமகள் இல்லை என்று தெரிந்ததும் ஜன்னலிலேயே நின்றார்கள். கறுப்புக் கண்ணாடியோடு நடுத்தெருவில் கூடையை வைத்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொடுவா பளபளவென்று இருந்தது, அதை யாராவது பார்த்திருக்கலாம்.

மாடிவீட்டு அம்மா வெளியே வந்தார், தலைமுடியை அவசரமாகக் கொண்டை போட்டுக்கொண்டே.

"மருமவ எங்க?"

"பூவத்துக்குப் போயிருக்கா."

"இன்னைக்கி பாத்தா போவணும்? எங்க சம்பந்தி வூட்டுல சாப்பாட்டுக்கு வர்றாங்க."

"நாந்தான் வந்திருக்கேன்ல?"

அவர் என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், தெருமுனையைப் பார்த்தார். தெருமுனையில் யாரும் வரவில்லை. பிறகு குனிந்து கொடுவாவின் செவுளைத் தூக்கினார். பழக்கதோஷம்தான், யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

"இது ஐஸ் மீனு."

எத்தனை நாளாயிற்று அப்படி ஒரு சொல்லைக் கேட்டு. நான் கூடையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எது ஐஸ் மீனு? காலைல எறங்குனது. செவுளு செம்பருத்தி மாதிரி இருக்கு, நீங்க ஐஸுங்குறீங்க."

"என்னா செம்பருத்தி? கரித்தூளு படிஞ்சு கெடக்கு."

"அது லாரி. மீனுல இல்ல, சாக்குல படிஞ்சது."

"அந்தக் கண்ணாடியக் கழட்டிட்டுச் சொல்லு. கண்ணப் பாக்காம ஒன்ன எப்பிடி நம்புறது?"

கழற்றினேன். சித்திரையில் எரிந்த கண் அது, வெயிலை அது இன்னும் மன்னிக்கவில்லை. ஊசி குத்தின மாதிரி வெளிச்சம் இறங்கியது. தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, நிறுத்த முடியவில்லை. அப்படியே அவர் முகத்தைப் பார்த்து, "காலைல எறங்குன மீனு," என்றேன்.

"ஏ, அழுவாத. அழுது மீன் விக்காத."

"யாரு அழுவுறா? வெளிச்சம்."

"எனக்குந்தான் வெளிச்சம் அடிக்கிது. நான் அழுவுறேனா?"

"ஒங்களுக்குத் தோலு உரியலல்ல."

"நல்லா சொன்ன போ. போணி நேரத்துல வாயப் பாரு," என்று பாத்திரத்தை என் முன்னால் வைத்தார். நங்கென்று வைத்தார். "அறு."

அறுத்தேன். செதில் எடுக்கும்போது இரண்டு இடத்தில் கை கீறியது, காட்டிக்கொள்ளவில்லை. அவர் குனிந்து என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கைக்காகப் பார்த்தாரா, மீனில் ஒரு துண்டை ஒளித்துவிடுவேன் என்று பார்த்தாரா தெரியாது. அவரைத் தெரிந்தவரைக்கும் துண்டுக்காகத்தான் இருக்கும். எங்கள் சத்தத்தில் ஜன்னல்காரர்கள் வாசலுக்கு வந்திருந்தார்கள்.

"துண்டு ஏன் இம்மாம் பெருசா போடுற? வர்றவங்க மனுசங்க."

"சின்னதா போட்டா கொழம்புல கரைஞ்சிடுச்சுன்னு நாளைக்கு எங்கிட்டதான் வருவீங்க."

"தலைய எங்க கொண்டு போற? போடு இதுல."

"தலை தர்றேன்னு நான் சொல்லலியே."

"சொல்லாட்டி என்னா?" என்று கொடுவாத் தலையை என் கையிலிருந்து பிடுங்கினார். என் விரலும் அவர் விரலும் ஒரே மீன் சளியில் இருந்தன. அவர் கையை உதறிக்கொள்ளவில்லை, முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பிறகுதான் கவனித்தேன்.

புதிதாகக் கல்யாணமானவள் ஒரு கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். "எனக்கு சங்கராங்க. ஆய்ஞ்சு குடுங்க," என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மருமகளும் நானுமாகப் போனோம். மாடிவீட்டு அம்மா எங்களுக்கு முன்னாலேயே வாசலில் நின்றார். கொடுவாத் தலையில் செவுளை நான் சரியாக எடுக்கவில்லையாம், குழம்பு கசந்துவிட்டதாம், சம்பந்தி முன்னால் மானம் போய்விட்டதாம். ஓசியில் வாங்கிய தலை. மருமகள் சமாதானம் பேசப் போனாள், நான் அவளைக் கையால் தடுத்துவிட்டு, கூடையை இறக்கி, அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.